சபைக்குப் போகும் வீட்டில் நம்பிக்கை இல்லாமல் வாழ்வது

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் கடவுள் நம்பிக்கை இல்லாமல் வாழ்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை. நல்லூர்த் தேருக்கு வேட்டி கட்டிக்கொண்டு போய் நின்றால் போதும். திவசத்துக்கு வந்திருந்து சாப்பிட்டால் போதும். உள்ளுக்குள் என்ன நினைக்கிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். நான் நாத்திகன் என்று அப்பாவுக்குத் தெரியும். அதைப்பற்றி அவர் ஒருநாளும் கதைத்ததில்லை. விபூதித் தட்டை எனக்கு நேரே நீட்டாமல் மேசையில் வைத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

என் நம்பிக்கையைப் பற்றி முதலில் நேரே கேட்டது சின்னம்மா. "தம்பி, செத்தாப்பிறகு நீ எங்க போவாய் எண்டு யோசிச்சனியே?" என்று கேட்டார். அப்போது அவர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகத் தொடங்கியிருந்தார். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஒருவர் என்ன நம்புகிறார் என்பதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்பவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். எனக்கும் அது பெரிய விஷயம்தான். வந்து சேர்ந்த முடிவு மட்டும்தான் வேறு.

வீட்டில் ஒருவர் இரட்சிக்கப்பட்டு, இன்னொருவர் நம்பிக்கை இல்லாதவராக இருக்கிற குடும்பங்கள் இப்போது இங்கே கனக்க. அப்படியான வீட்டில் இருந்து நான் படித்ததை எழுதிவைக்கிறேன்.

சபை என்று நான் சொல்வது பழைய வேதக்கோயில்களை இல்லை. அமெரிக்க மிஷன் 1816இல் தெல்லிப்பழைக்கு வந்தது. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல், உடுவில் பெண்கள் பாடசாலை 1824இல். அந்தக் கோயில்களுக்குப் போகிறவர்களும் நாங்களும் தலைமுறை தலைமுறையாக ஒரே ஒழுங்கையில் இருந்து பழகியவர்கள். சபை வேறு மாதிரி. அந்நிய பாஷை (ஜெபத்தில் ஒருவருக்கும் விளங்காத ஒலிகளில் பேசுவது), சுகமளிக்கும் ஜெபம், தீர்க்கதரிசனம், சாட்சி, தசமபாகம் எல்லாம் சேர்ந்தது. 1906இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து அசூசா தெருவில் பற்றிக்கொண்ட பெந்தெகொஸ்தே எழுப்புதலின் வழியில் வந்தது. எங்கள் ஊரில் பெரும்பாலும் ஒரு வாடகை வீடு, பிளாஸ்டிக் கதிரைகள், கீபோர்ட், பெரிய சத்தத்தோடு ஒரு ஸ்பீக்கர்.

சின்னம்மா ஏன் அங்கே போனார் என்பதைச் சொல்லாமல் மேலே எழுதுவது நியாயமில்லை. 2009இல் போர் முடிந்து செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து அவர் யாழ்ப்பாணம் வந்தபோது கூட வந்தவர்கள் மகளும் மருமகனும் கைக்குழந்தையான பேத்தியும்தான். சித்தப்பா ஷெல்லில் போய்விட்டார். மகன் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு போனவன், அதற்குப் பிறகு தகவல் இல்லை. சொந்தக்காரர் வந்து, நடந்ததைக் கேட்டு, பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனார்கள். சபையிலிருந்து வந்த பெண்கள் நடந்ததைக் கேட்கவில்லை. ஒருத்தி பாயில் அவருக்குப் பின்னால் இருந்து, முகாமில் சிக்குப் பிடித்திருந்த தலைமயிரை எண்ணெய் வைத்து விரலால் பிரித்து எடுத்தாள். அது முடிய நெடுநேரம் ஆனது. மற்றவள் குழந்தைக்குப் பால்மா கரைத்துக் கொடுத்தாள். அடுத்த கிழமையும் வந்தார்கள். பிறகும் வந்தார்கள்.

"சோத்துக்கு வேதத்தில சேர்ந்தது" என்று ஊரில் சொல்வார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போகவேண்டும் என்று ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் வாசலில் நின்று போராட வேண்டியிருந்த ஊர் இது. அந்தப் போராட்டத்தில் முன்னுக்கு நின்றவர்களில் கடவுள் நம்பிக்கை இல்லாத இடதுசாரிகள் பலர். ஒரே மண்டபத்தில் ஒரே மாதிரிக் கதிரையில் இருக்கலாம், கையைப் பிடித்து ஜெபிப்பார்கள் என்பது, அந்தக் கதிரை ஒருநாளும் மறுக்கப்படாதவனுக்குச் சின்ன விஷயமாகத்தான் தெரியும்.

ஆகவே கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று சின்னம்மாவோடு நான் வாதாடுவதில்லை. அவர் கேட்டால் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதை மழுப்பாமல் சொல்வேன், ஏனென்றும் சொல்வேன். ஆனால் சபையில் சொல்லப்படும் ஏதாவது ஒன்றால் உடம்புக்கோ, காசுக்கோ, காத்திருக்கும் மனத்துக்கோ கெடுதி வருகிறது என்றால் அதை விடுவதில்லை. அந்த ஒன்றை மட்டும் தனியாக எடுத்துக் கதைப்பேன்.

முதலில் வந்தது மருந்து. சின்னம்மாவுக்குச் சீனி வருத்தம், பிரஷரும் இருக்கிறது. ஒரு உபவாச ஜெபத்தில் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். அடுத்த ஞாயிறு முன்னுக்குப் போய்ச் சாட்சி சொன்னார், கர்த்தர் சுகமாக்கிவிட்டார் என்று. அதற்குப் பிறகு மெட்ஃபோர்மின் பெட்டி அலுமாரிக்குள் போய்விட்டது. இதில் கவனிக்கவேண்டியது, மருந்தை நிறுத்து என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. பாஸ்டர் சொல்லவில்லை, அக்காமார் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் முன்னால் சுகமாகிவிட்டது என்று சொன்ன ஒருவர் அடுத்த நாள் காலையில் குளிசை போட்டால், தான் சொன்னது பொய்யாகிவிடும் என்று அவருக்குப் படுகிறது. குளிசை போடுவது அவிசுவாசமாகிவிடுகிறது. சாட்சி சொல்லும் அந்த ஒழுங்குதான் மருந்தை நிறுத்த வைக்கிறது.

இப்படியான நேரத்தில் விஞ்ஞானத்தைத் தூக்கிக்கொண்டு போவதில் பிரயோசனம் குறைவு. ஜெபம் நோயாளிகளைக் குணப்படுத்துகிறதா என்று அமெரிக்காவில் ஆறு வைத்தியசாலைகளில் 1,802 இருதய பைபாஸ் நோயாளிகளை வைத்துப் பார்த்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. மற்றவர்கள் ஜெபித்ததால் நன்மை எதுவும் தெரியவில்லை. தங்களுக்காக ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்திருந்தவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது, அது மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட. மருமகனிடம் இதைச் சொன்னேன். "கர்த்தரைப் பரீட்சை பார்க்கக் கூடாது அண்ணா" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்துவிட்டது.

பைபிள்தான் உதவியது. அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலின் துணி பட்டாலே வியாதி நீங்கியது என்று இருக்கிறது. அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, உன் வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் எடு என்கிறார். துரோப்பீமுவை வருத்தத்தோடு மிலேத்துவில் விட்டுவிட்டு வந்தேன் என்று இன்னொரு கடிதத்தில் எழுதுகிறார். லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்கிறார். சின்னம்மாவின் பைபிளிலேயே இந்த இடங்களை எடுத்து, அவர் கண்ணாடி போட்டுத் தானே வாசிக்கும்படி கொடுத்தேன். துரோப்பீமுவின் இடத்தில் கனநேரம் விரலை வைத்துக்கொண்டிருந்தார். "பவுலே விட்டுட்டு வந்தவரோ?" என்று கேட்டார்.

பிறகு மானிப்பாய்க் கதையைச் சொன்னேன். சாமுவேல் கிறீன் 1847இல் இங்கே வந்த மிஷனரி. அவருடைய விசுவாசத்தைப் பற்றி ஒருவருக்கும் சந்தேகம் வராது. அவர் செய்த வேலை, எங்கள் பெடியளுக்கு மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்து டொக்டர் ஆக்கியது. உடற்கூற்றியல், இரண வைத்தியம், பிரசவ வைத்தியப் புத்தகங்களைத் தமிழில் கொண்டுவந்தார். மானிப்பாயில் அவர் பெயரில் ஆஸ்பத்திரி நிற்கிறது. கைவைத்து ஜெபித்தால் போதும் என்று அவர் நினைத்திருந்தால் அந்தப் புத்தகங்களுக்கு அவசியம் வந்திருக்காது.

அதோடு சீனி பார்க்கிற மெஷினைக் கொண்டுபோய் வைத்தேன். "சுகமாகியிருந்தா இதிலயும் தெரியத்தானே வேணும், காலமை வெறும் வயித்தில பாப்பம்" என்றேன். 260க்கு மேல் காட்டியது, கனக்கக் கூட. அதை வைத்து வாதாட நான் போகவில்லை. கிளினிக் கொப்பியில் திகதி போட்டு எழுதிவைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அலுமாரியைத் திறந்து குளிசையை எடுத்தது அவர்தான்.

இதில் மற்றவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்லக்கூடியது, பாஸ்டரிடம் போகவேண்டும் என்பது. ஒளித்து மறைத்துச் செய்யவேண்டாம். நான் போனேன். நான் நம்பிக்கை இல்லாதவன் என்று முதலிலேயே சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். "நான் ஒருத்தரையும் மருந்தை நிப்பாட்டச் சொல்லேல்லையே" என்றார். அது உண்மை. அதையே ஞாயிறு ஆராதனையில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன். சொன்னார். சின்னம்மாவுக்கு அந்த ஒரு வசனம் கிடைத்ததால் வெட்கமில்லாமல் குளிசை போட முடிந்தது. வலிப்புக்கும் மனவருத்தத்துக்கும் மருந்து எடுக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் வேகமாகச் செய்யவேண்டும். அந்த மருந்துகளைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படியென்றால் முதலில் டொக்டர், பிறகு பாஸ்டர்.

காசு விஷயம் சுருக்கம். மருமகனுக்கு நுண்கடன் இருந்தது, கிழமைக்கொருக்கால் கட்டவேண்டிய கடன். அதற்கு மேல் சம்பளத்தில் பத்தில் ஒன்று. தசமபாகத்துக்கு எப்போதும் காட்டுவது மல்கியா 3ஆம் அதிகாரம். உபாகமம் 14ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள் என்றேன். அங்கே அந்தப் பத்தில் ஒன்றைக் குடும்பமே கர்த்தருக்கு முன்னால் சாப்பிடச் சொல்லியிருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதை லேவியனுக்கும், பரதேசிக்கும், திக்கற்றவனுக்கும், விதவைக்கும் கொடுக்கச் சொல்கிறது. சின்னம்மா விதவை. அந்தக் கணக்குப்படி அவர் வாங்கவேண்டிய ஆள். கடன் முடியும்வரை கொடுப்பதை மருமகன் குறைத்துக்கொண்டார். சபை அதற்காக அவரை ஒதுக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

எனக்கு ஆகக் கஷ்டமாக இருந்தது தீர்க்கதரிசனம்.

கொழும்பிலிருந்து ஒருவர் கூட்டத்துக்கு வந்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இங்க ஒரு தாய் இருக்கிறா, மகனுக்காக அழுகிற தாய்" என்றார். வடக்கில் எந்த மண்டபத்தில் நின்று இதைச் சொன்னாலும் எழும்புவதற்கு ஒரு தாய் இருப்பாள். சின்னம்மா எழும்பினார். மகன் உயிரோடு இருக்கிறான், தண்ணீர் தாண்டி ஒரு இடத்தில் இருக்கிறான், வருடம் முடிவதற்குள் செய்தி வரும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. முதல் ஒரு சாத்திரியும் இதே மாதிரித்தான் சொல்லியிருந்தான், மேற்குத் திசையில் இருக்கிறான் என்று. அவனுக்கும் காசு போனது.

1986இல் அமெரிக்காவில் பீற்றர் பொப்போஃப் என்ற சுகமளிக்கும் பிரசங்கியாருக்கு ஆட்களின் பெயரும் வருத்தமும் எப்படித் தெரிகிறது என்று மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி கண்டுபிடித்துக் காட்டினார். பிரசங்கியாரின் மனைவி, ஜெப விண்ணப்ப அட்டைகளில் இருந்ததை ரேடியோவில் வாசிக்க, அது இவருடைய காதுக்குள் இருந்த கருவியில் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் ரேடியோ தேவையில்லை. எங்கள் துயரம் எல்லாருக்கும் தெரிந்த துயரம். கொழும்பிலிருந்து வந்தவர் வேண்டுமென்று ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. தனக்கு வந்த எண்ணத்தைக் கர்த்தரின் சத்தம் என்று மனதார நம்பியிருக்கலாம். ஒரு தாய்க்கு அதனால் வரும் விளைவு ஒன்றுதான்.

விளைவு என்னவென்றால், சின்னம்மா போராட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். 2017இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்துக்கு மகனின் படத்தோடு போய்வந்தவர் அவர். செய்தி வரப்போகிறதே, இனி எதற்கு வீதியில் நிற்பது என்றார். இந்தக் கட்டத்தில் "அவன் இருக்கமாட்டான், மனதைத் தேற்றுங்கள்" என்று சொல்கிற நாத்திகர்களை நான் பார்த்திருக்கிறேன். அதை நான் சொல்லமாட்டேன். அவன் இல்லை என்று எனக்கும் தெரியாது. பதில் சொல்லவேண்டியது அரசு, அது இன்னும் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்வதுதானே அந்தத் தீர்க்கதரிசனத்தில் இருக்கும் பிழை. அதே பிழையை நான் மற்றப் பக்கத்தில் இருந்து செய்யக்கூடாது.

நான் கேட்டது ஒன்றுதான். "அவர் சொன்னதை அப்பிடியே எழுதி, திகதி போட்டு வையுங்கோ சின்னம்மா. கர்த்தர் சொன்னதெண்டா மறந்துபோகக் கூடாதல்லோ." எழுதினார். சாத்திரி சொன்னதையும் அதே பக்கத்தில் எழுதச் சொன்னேன். நம்பிக்கை இல்லாதவர்கள் கைக்கொள்ளக்கூடிய வழிகளில் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஞாபகம் வளையும். நடக்காததை மறந்து, நடந்ததோடு பொருத்திக்கொள்ளும். கடதாசி வளையாது. வருடம் முடிந்தது. அந்தப் பக்கத்தை நான் நினைவூட்டவில்லை, அவரே எடுத்து வாசித்தார். "அவர் பிழையாக் கேட்டிருப்பார்" என்றார். கர்த்தர்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை இம்மியும் குறையவில்லை. ஆனால் மகனின் படத்தை எடுத்துக்கொண்டு திரும்பவும் போராட்டத்துக்குப் போனார்.

அந்நிய பாஷையில் நான் தலையிடுவதில்லை. மொழியியலாளர் வில்லியம் சமரின் 1972இல் அதைப்பற்றி எழுதியிருக்கிறார். பேசுகிறவருக்குப் பழகிய மொழிகளின் ஒலிகளேதான் திரும்பத் திரும்ப வரும், அதற்கு ஒரு மொழியின் அமைப்பு இல்லை, அது மனக்கோளாறும் இல்லை என்பது அவருடைய முடிவு. நான் கேட்டவரையும் அப்படித்தான், சின்னம்மா பேசும்போது எல்லாம் தமிழ் வாய்க்கு வருகிற ஒலிகள். அப்படி அழுது பேசிவிட்டு வருகிற இரவுகளில் அவர் நித்திரை கொள்கிறார். அதில் ஒருவருக்கும் கெடுதி இல்லை. மருமகன் "அண்ணாக்கு என்ன விளங்குது?" என்று கேட்டதால்தான் சமரின் சொன்னதைச் சொன்னேன்.

சபையை விமர்சிக்கத் தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் உங்களுக்கு வேண்டாத கூட்டாளிகள் வந்து சேர்வார்கள். மதமாற்றத்துக்கு எதிராகச் சுவரொட்டி ஒட்டுகிறவர்கள், "நீர் சொல்லுறது சரி" என்று தோளில் கைபோடுவார்கள். அந்தக் கையை எடுத்துவிடவேண்டும். ஆறுமுக நாவலர் மெதடிஸ்த மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்குப் பைபிளைத் தமிழில் மொழிபெயர்க்க உதவியவர். பிறகு 1854இல், சைவத்தைப் பழித்த மிஷனரிமாருக்கு அவர் எழுதிய பதிலான சைவதூஷணபரிகாரம் வந்தது. பைபிளை அவர் அளவுக்குத் தெரிந்து விமர்சித்தவர்கள் இங்கே குறைவு. ஆனால் அந்தக் கூர்மை கோயில் வாசலில் நின்றுவிட்டது, உள்ளே இருந்த சாதியைத் தொடவில்லை. அந்தப் பள்ளிக்கூடம்தான் இன்றைய யாழ் மத்திய கல்லூரி. அதே கல்லூரியில் பிற்காலத்தில் படிப்பித்தவர் ஆபிரகாம் கோவூர், கேரளத்தில் மார்த்தோமா சபைக் குருவானவரின் மகன், பிறகு இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தை நடத்தியவர். பைபிள் பாடம் எடுத்து மாணவர்களை நன்றாகச் சித்தியெய்த வைத்தார், ஆனால் அவர்கள் நம்பிக்கையை இழந்துவிட்டார்கள் என்று அடுத்த வருடம் அந்தப் பாடத்தை அவருக்குக் கொடுக்கவில்லை என்று சொல்வார்கள். கோவூர் சாமியார், சாத்திரி, பேயோட்டி, பிரசங்கி என்று ஆள் பார்க்கவில்லை, எல்லாரிடமும் ஒரே ஆதாரத்தைத்தான் கேட்டார். நான் கோவூர் பக்கம். சபையில் கேட்கும் கேள்வியைக் கோயிலில் கேட்காதவனைச் சின்னம்மா எதற்கு நம்பவேண்டும்?

இப்போது பேத்திக்கு ஏ.எல். போன வருடம் ஒருநாள் வாட்ஸ்அப்பில் எழுதினாள்: "மாமா, நரகம் இல்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" முகாமில் பால்மா குடித்த அந்தக் குழந்தை இவள்தான். சபையிலேயே வளர்ந்தவள், கீபோர்ட் வாசிக்கிறவள்.

நரகம் இருக்கிறது என்பதற்கு ஒருவரும் எனக்கு ஆதாரம் காட்டவில்லை, அதனால் நம்பவில்லை என்று எழுதினேன். நம்பிக்கை போனபிறகும் பயம் கொஞ்சக் காலம் நிற்கும், இரவில் வரும், அது வந்தால் நரகம் உண்மை என்று அர்த்தமில்லை, சின்ன வயதில் கேட்டதன் மிச்சம்தான் என்றும் எழுதினேன். வீட்டில் உடனே அறிவிக்கவேண்டாம் என்றேன். சாப்பாடு, படிப்பு, சிநேகிதிகள், அம்மம்மா எல்லாம் அந்த வட்டத்துக்குள் இருக்கும்போது ஒரு இரவில் எல்லாவற்றையும் உடைக்கவேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. மதத்துக்கு எதிரான புத்தகம் ஒன்றும் நான் கொடுக்கவில்லை. பைபிளை முழுதாக வாசி, ஞாயிறு பிரசங்கத்தில் வராத நியாயாதிபதிகள், யோபு, பிரசங்கி மூன்றையும் விடாமல் வாசி என்றேன். அதற்குப் பிறகும் விசுவாசம் இருந்தால் அது அவளுடையது. நாட்டின் அரசியலமைப்பில் 10ஆவது உறுப்புரை, தான் விரும்பும் மதத்தையோ நம்பிக்கையையோ கொண்டிருக்கவும் ஏற்றுக்கொள்ளவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. சின்னம்மா சபைக்குப் போனதும் அதே உரிமையில்தான்.

அவளை ஆக நெருக்கியது ஞானஸ்நானம். வயதுப் பிள்ளைகள் எல்லாரும் எடுக்கிறார்கள், நீ எப்போது என்று ஒவ்வொரு கிழமையும் கேட்கிறார்கள். மறுத்தால் அம்மா அழுவார். இதற்கும் அவர்களுடைய போதனையிலேயே வழி இருக்கிறது. குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பதை இந்தச் சபைகள் ஏற்பதில்லை. ஒருவர் தானாக விசுவாசித்து, தானாகக் கேட்டுத்தான் தண்ணீரில் இறங்கவேண்டும். அதனால் "நான் இன்னும் ஆயத்தமில்லை, ஆயத்தமில்லாமல் எடுத்தால் அது பொய்யாகிவிடும்" என்று பாஸ்டரிடம் சொல்லச் சொன்னேன். அது அவளுக்கு உண்மையான வார்த்தை, பாஸ்டருக்கும் தட்டமுடியாத வார்த்தை. சொன்னாள். "ஜெபம் பண்ணும்மா, அவசரமில்லை" என்றாராம். அடுத்த ஞானஸ்நானம் சித்திரையில், கசூரினாக் கடலில். பெயர்ப் பட்டியலில் அவள் இல்லை. கீபோர்ட் வாசிக்க வருவேன் என்று சொல்லியிருக்கிறாள்.